பெயர் மீண்டது, முறை மீளுமா?

சென்ற சில ஆண்டுகளாகக் ‘குடிமராமத்து’ என்ற பழைய சொல் நம்மவர் வாயில் மீண்டும் வழங்கி வருகிறது. சர்க்கார் அறிக்கைகளில் அது காணப்படுகிறது, மேடைகளில் முழங்குகிறது, ஏரிக்கரைகளில் நட்ட பலகைகளிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. நூறாண்டுகளுக்கு மேலாக நலிந்து கிடந்த ஒரு வழக்கத்தின் பெயரைத் தேடி எடுத்து, தூசி தட்டி, ஜனங்கள் முன் வைத்தது நல்ல காரியமே. அதைப் பரிகசிப்பது நமது நோக்கமன்று. எனினும், பெயர் மீள்வது ஒன்று; முறை மீள்வது வேறொன்று. இரண்டையும் ஒன்றென்று மயங்கினால், அழிந்தது மீளாமற் போவதோடு, மீண்டுவிட்டதென்ற எண்ணம் மட்டும் மிஞ்சும். அவ்வெண்ணம் அழிவைவிடப் பொல்லாதது. இல்லாத பொருளை மனிதன் தேடுவான். கையில் இருப்பதாக நினைக்கும் பொருளைத் தேடமாட்டான்.

குடிமராமத்து என்பது என்ன? குளம், ஏரி, வாய்க்கால் இவற்றின் நீரால் விளையும் நிலங்களையுடைய குடிகள், மழைக்கு முன் ஒன்றுகூடி, வாய்க்காலைத் தூர்வாரி, கரையின் பள்ளங்களை அடைத்து, மதகைச் சீர்செய்து வைக்கும் கடமையே அது. அவரவர் நிலத்தின் அளவுக்கேற்ப ஆள் அனுப்புவது முறை. அனுப்பத் தவறியவனை ஊர் தண்டிக்கும். நீரைப் பங்கிட்டு விடுவதற்கு நீர்க்கட்டி என்ற பணியாளர் இருப்பார். அவருக்கு அறுவடைக் களத்திலேயே தானியம் அளக்கப்படும். குளத்தின் பராமரிப்புக்கென்று மானிய நிலம் விட்ட ஊர்கள் உண்டு. குளத்து மீன், கரை மரம், வண்டல் மண் ஆகியவற்றின் பயனும் ஊரார் அனுபவத்தில் இருந்தது.

இவ்வழக்கத்தில் 3 இழைகள் முறுக்கப்பட்டிருந்தன என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். நீரின்மேல் உரிமை ஒன்று. குளத்தைக் காக்கும் கடமை மற்றொன்று. வரவு செலவை ஊர் முன் வைக்கும் கணக்கு மூன்றாவது. உரிமை இருந்ததால் கடமை சுமையாகத் தோன்றவில்லை. கணக்கு இருந்ததால் உரிமை ஒருவன் கையில் சிக்கவில்லை. இம்மூன்றில் ஒன்றை அறுத்தால் மற்ற இரண்டும் தாமே அவிழ்ந்து போகும். பின்வந்த சரித்திரம் இதற்குச் சாட்சி.

‘மராமத்து’ என்ற சொல்லே அரபு வழியாக நமக்கு வந்தது. ஆகவே பெயர் அவ்வளவு பழையதன்று; காரியம்தான் மிகப் பழையது. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுகின்றன என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். அந்தச் சபையில் ஏரி வாரியம் என்று தனி வாரியம் ஒன்று இருந்ததும், அதற்கு 6 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டதும், அவர்கள் பதவி 360 நாட்களோடு முடிந்ததும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடவோலைக்குத் தகுதியற்றவர்கள் என்ற விதியோ மேடையில் அறவே மறக்கப்படுகிறது. குடவோலையின் பெருமையைப் பேசுவது எளிது. கணக்குக் காட்டாதவனை விலக்கும் விதியைத் திரும்பக் கொண்டுவருவது எளிதன்று.

இந்த வழக்கம் எவ்வாறு நசித்தது? ஜனங்கள் சோம்பேறிகள் ஆனதால் நசித்தது என்று சொல்வோர் உண்டு. அது முழு உண்மையாகாது. கும்பினி ஆட்சியில் ரயத்துவாரி முறை வந்தபோது, ஊர் முழுமைக்கும் இருந்த வரிப் பொறுப்பு தனித்தனிப் பட்டாதாரின் பொறுப்பாக மாறிற்று. குளமும் அதன் வருமானமும் மெல்ல மெல்லச் சர்க்காரின் சொத்தாயின. பின்னர் பொதுப்பணி இலாகா தோன்றிற்று, இஞ்சினீயர் வந்தார், மதிப்பீடு, ஒப்பந்தம், பில் ஆகியவை வந்தன. உரிமை போயிற்று, கணக்கு கச்சேரிக்குப் போயிற்று, கடமை மட்டும் ஊரில் இருக்க வேண்டுமென்று ஆட்சியாளர் எதிர்பார்த்தனர். அது இருக்க மறுத்தபோது 1858-ல் சட்டம் போட்டார்கள். சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் என்று அதற்குப் பெயர். உடைப்பு நேரும்போது ஆட்களைக் கட்டாயமாக அழைக்கவும், வழக்கப்படி செய்ய வேண்டிய வேலைக்கு வராதவனிடம் அவ்வேலையின் மதிப்பைப்போல் இருமடங்கு வசூலிக்கவும் அச்சட்டம் அதிகாரம் அளித்தது. ஊர் விதித்த தண்டனைக்குப் பணிந்தவன் கலெக்டரின் தண்டனைக்கு மனமுவந்து பணிவானா? சட்டம் ஏட்டில் நின்றது. வழக்கம் தேய்ந்து கொண்டே போயிற்று.

இதே காலத்தில் அண்டை நாடான இலங்கையில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. அங்கே ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை 1832-ல் பிரிட்டிஷார் ஒழித்தனர். அடிமைத்தளையை அறுத்த அச்செய்கை போற்றத்தக்கதே. ஆனால் குளங்களைக் காத்துவந்த கூட்டு வேலையும் அத்தோடு சரிந்தது. குளங்கள் பல தூர்ந்தன. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, ஸர் ஹென்றி வார்டு கவர்னராயிருந்த காலத்தில், 1856-ஆம் வருஷத்து 9-வது சட்டம் இயற்றப்பட்டது. நெற்காணிகளின் பாசனம், சாகுபடி ஆகியவை பற்றிய பழைய வழக்கங்களை உயிர்ப்பிப்பதே அச்சட்டத்தின் நோக்கமென்று அதன் தலைப்பிலேயே கண்டிருந்தது. காணியுடையோர் கூடிப் பேசித் தங்கள் ஊர் வழக்கத்தை ஏற்கவும், தகராறுகளை ஊர்ச்சபையிலேயே தீர்த்துக்கொள்ளவும் அது இடமளித்தது. ஆண்டவன் அங்கும் அந்நியன்தான். அவன் நோக்கம் வரிதான். ஆயினும், ஊரார் கூட்டத்துக்கு அதிகாரம் தராமல் ஊரார் வழக்கம் உயிர்க்காது என்ற அளவுக்காவது இலங்கையில் உணர்ந்திருந்தான். சென்னை மாகாணத்தில் அபராதத்தை மட்டும் நம்பினான்.

இனி நம் ஊருக்கு வருவோம். இதைப் பீளமேட்டை முன்வைத்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யலாறு, பெருநதியன்று. மழைக்காலத்தில் சில வாரங்கள் பொங்கும், பிறகு மணலாகும். அந்தச் சில வாரத்து நீரை ஆண்டு முழுவதுக்கும் தேக்கி வைக்க நம் முன்னோர் ஆற்றின் குறுக்கே வரிசையாக அணைக்கட்டுகள் கட்டினர். அங்கிருந்து வாய்க்கால் வெட்டினர். ஒன்றன்பின் ஒன்றாகக் குளங்களைக் கோத்தனர். சித்திரைச்சாவடி அணைக்கட்டிலிருந்து கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி முதலியன நிறையும். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க் குளம் எல்லாம் இந்தச் சங்கிலியின் கண்ணிகளே. மேலே உள்ள குளத்தான் வாய்க்காலைத் தூர்வாராவிட்டால் கீழே உள்ள குளத்தான் பயிர் கருகும். ஆகவே இந்தச் சங்கிலி நீரை மாத்திரமன்றி ஊரையும் ஊரையும் பிணைத்திருந்தது.

பீளமேடோ மேட்டு நிலம். இங்கே பருத்தியும் சோளமும் கிணற்றுப் பாசனமுமே பிரதானம். குளத்து நீர் நேரே பாயாத இந்த மண்ணிலும் கிணறுகள் ஊறியதற்குக் காரணம், சுற்றிலுமுள்ள பள்ளங்களும் குளங்களும் நீர் தாங்கி நின்றதே. கவலை பூட்டி இறைத்த காலத்தில் மாட்டின் பலமே கிணற்றுக்கு எல்லையாக இருந்தது. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை தொடங்கிற்று. மின்சாரம் கோயமுத்தூருக்கு வந்தது, அதனோடு ஆலைகள் பெருகின, மோட்டார் வந்தது. பீளமேட்டு வார்ப்படப் பட்டறைகளிலும் தொழிற்சாலைகளிலும் பம்புகள் உருவாகிப் பாரதம் முழுவதும் சென்றன. இந்தத் தொழிலால் நம் ஊர் பெயரும் பெருமையும் பெற்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்தன. அதைக் குறை கூறுவது நன்றி கொன்ற செயலாகும்.

ஆனால் உண்மையை மறைக்கலாகாது. பம்பு வந்த அன்றே குளத்தின் கூட்டம் கலையத் தொடங்கிற்று. தன் கிணற்றிலிருந்து தன் மோட்டாரால் தான் விரும்பிய நேரத்தில் இறைத்துக்கொள்ளக் கூடியவன், வாய்க்கால் வெட்ட ஏன் ஆள் அனுப்புவான்? பிறகு ஆழ்குழாய்க் கிணறு வந்தது. பூமிக்கு அடியிலிருக்கும் பொது நீர், அதிக ஆழம் தோண்டக் காசுள்ளவனின் தனி நீராயிற்று. உழவரின் கவலையும் இடம் மாறிற்று. 1970-ல் மின் கட்டண உயர்வை எதிர்த்துக் கொங்கு நாட்டு விவசாயிகள் கிளர்ந்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பெருமாநல்லூரில் போலீசாரின் துப்பாக்கிக்கு 3 பேர் பலியாயினர். 1972-ல் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் மாட்டு வண்டிகள் கோவை வீதிகளை அடைத்து நின்றன. வீரம் செறிந்த போராட்டங்கள் அவை. அவற்றின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். முன்பு மதகைப் பற்றிப் பேசக் கூடிய உழவர், அன்று மின்சார யூனிட்டைப் பற்றிப் பேசக் கூட வேண்டியிருந்தது. நீரின் சாவி ஊர்ச் சாவடியிலிருந்து மின்சார போர்டுக்குப் போய்விட்டது என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டுமா?

நகரவாசிகளும் குளத்தை மறந்தனர். சிறுவாணி நீர் குழாயில் வந்தது. பிற்காலத்தில் பில்லூர் நீரும் வந்தது. குடிக்க மலைநீர் இருக்கும்போது, குளம் கழிவு நீருக்கு இடமாயிற்று. நகரின் ஊடே வரும் சங்கனூர்ப் பள்ளம் ஒரு காலத்தில் மழைநீரைச் சுமந்தது. இன்று நாம் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து வெளியேற்றும் அழுக்கைச் சுமக்கிறது. குளத்தின்மேல் உரிமை இழந்த ஊர், அதனை அசுத்தம் செய்யவும் கூசவில்லை.

இந்நிலையில் கோவை முற்றிலும் உறங்கிவிட்டதென்று சொல்ல மாட்டோம். 2003-ல் தோன்றிய சிறுதுளி ஸ்தாபனம் குளங்களைப் பற்றிய உணர்ச்சியை நகரில் எழுப்பிற்று. 2013-ல் வறட்சியால் உக்கடம் பெரியகுளம் வற்றிக் கிடந்தபோது, பொதுஜனங்கள் மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு தூர்வாரச் சென்றதை இந்நகரம் மறக்காது. 2017 முதல் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த தொண்டர்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏதேனும் ஒரு நீர்நிலையில் இறங்கி வேலை செய்து வந்திருக்கிறார்கள். கூலியும் விளம்பரமும் வேண்டாமல் செய்யும் இத்தொண்டு நம் தலையை வணங்கச் செய்கிறது. ஆனால் இத்தொண்டர்களுக்கு அதிகாரம் என்ன? ஞாயிறன்று அவர்கள் அள்ளிய குப்பை இருந்த இடத்தில் திங்களன்று வேறொருவன் கொட்டினால், அவனைத் தடுக்க அவர்களால் இயலுமா? கழிவு நீர்க் குழாயை அடைக்க இயலுமா? குளத்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது, எப்படிச் செலவாயிற்று என்று கேட்டுப் பதில் பெறும் பாத்தியதை உண்டா? கடமை இழையை மட்டும் தங்கள் தோள்மேல் போட்டுக்கொண்ட உத்தமர்கள் அவர்கள். மற்ற இரண்டு இழைகளும் அவர்கள் கையில் இல்லை.

சர்க்காரின் குடிமராமத்துத் திட்டம் 2017 மார்ச் மாதத்தில் காஞ்சிபுரம் ஜில்லா மணிமங்கலத்தில் அப்போதைய முதல் மந்திரி எடப்பாடி கே. பழனிசாமியால் தொடங்கி வைக்கப்பட்டது. முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆயக்கட்டுதாரர் செலவில் 10-ல் 1 பங்கைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ அளிக்க வேண்டும். வேலையும் அவர்கள் சங்கத்தின் மூலமே நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதே ஆண்டில், குளத்து வண்டலை உழவர் தம் வயலுக்கு இலவசமாக எடுத்துச் செல்லவும் விதி திருத்தப்பட்டது. பல குளங்கள் ஆழமாயின. பல மதகுகள் சீராயின. இதை ஒப்புக்கொள்வது நியாயம்.

ஆனால், சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரரே வேலை செய்தார்கள் என்ற குறை பல இடங்களிலிருந்து அப்போதே எழுந்தது. அது எழுந்ததில் வியப்பில்லை. ஜே.சி.பி. இயந்திரம் 2 நாளில் முடிக்கும் வேலைக்கு ஊர் கூட வேண்டிய அவசியம் என்ன? மண் அள்ளுவது மட்டுமே குடிமராமத்து என்றால், அதற்கு இயந்திரமே போதும். ஊர் கூடுவதும், நீரைப் பங்கிடுவதும், தவறியவனைக் கேட்பதும், ஆண்டுக்கு ஆண்டு அதைச் செய்வதும் குடிமராமத்து என்றால், அதை எந்த இயந்திரமும் செய்ய முடியாது.

இன்னொரு விசித்திரத்தையும் நோக்குங்கள். குடிகளின் மராமத்து மீண்டதாக அறிவித்த அதே காலத்தில், குடிகளின் சபை எந்த நிலையிலிருந்தது? தமிழ்நாட்டு ஸ்தல ஸ்தாபனங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. கிராமங்களில் பெரும்பாலானவற்றுக்கு 2019 டிசம்பர் வரையிலும், கோவை முதலிய நகரங்களுக்கு 2022 பிப்ரவரி வரையிலும் தேர்தல் நடைபெறவில்லை. தனி அதிகாரிகள் ஆண்டனர். ஊரைப் பிரதிநிதித்துவம் செய்யும் ஒருவர்கூட இல்லாத நேரத்தில் ஊரின் பெயரால் மராமத்து நடந்தது! இது முதல் முறையுமன்று. 1970-க்குப் பின் 1986 வரையிலும், 1991-க்குப் பின் 1996 வரையிலும் இம்மாநிலத்துப் பஞ்சாயத்துகள் தேர்தலின்றிக் கிடந்தன. மத்தியில் அரசியல் சட்டத்தின் 73-வது, 74-வது திருத்தங்கள் வந்து, 5 ஆண்டுக்கொரு முறை தேர்தல் கட்டாயம் என்று ஆன பிறகும் நிலைமை முழுதும் திருந்தவில்லை. கோவை உட்பட 28 ஜில்லாக்களின் கிராம ஸ்தாபனங்கள் 2025 ஜனவரியில் காலம் முடிந்ததும் மறுபடி தனி அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. பத்தாம் நூற்றாண்டில் 360 நாளைக்கு ஒரு முறை ஏரி வாரியத்தைத் தேர்ந்தெடுத்த நாட்டில், இருபத்தோராம் நூற்றாண்டில் 5 ஆண்டுக்கு ஒரு முறை அதைச் செய்வது இத்தனை கஷ்டமாயிருக்கிறது.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். அது நியாயமான ஆட்சேபம். “பழைய ஊர்ச்சபை யாருடைய சபை? உத்திரமேரூரில் நிலமும் வேதப் படிப்பும் உடைய பிராம்மணர்தானே குடவோலைக்கு உரியவர்? வாய்க்காலில் இறங்கிய கால்கள் யாருடையவை? தோட்டிக்கும் நீர்க்கட்டிக்கும் சபையில் இடம் இருந்ததா? பெண்களுக்கு இருந்ததா? வெட்டி வேலையைத்தான் திருப்பிக் கொண்டுவரப் பார்க்கிறீர்களா?” என்று கேட்பவருக்கு நாம் என்ன விடை சொல்வது? 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் பழைய கிராமத்தைப் போற்றுவோரைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினார். அதே மாதத்தில் அதே சபையில் நம் கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால் கிராமப் பஞ்சாயத்து அரசியல் சட்டத்தின் 40-வது பிரிவில் இடம் பெற்றது. இவ்விருவரில் ஒருவர் சரி, மற்றவர் தவறு என்று நாம் கொள்ளவில்லை. சந்தானம் ஊருக்கு அதிகாரம் வேண்டுமென்றார். அம்பேத்கர் அந்த ஊரில் எல்லோரும் மனிதராயிருக்க வேண்டுமென்றார். இரண்டும் சேர்ந்தால்தான் ஜனநாயகம்.

ஆகவே, பழைய முறையில் கழிக்க வேண்டியதைத் தயவு தாட்சண்யமின்றிக் கழிக்க வேண்டும். பரம்பரை ஊழியம் வேண்டாம். கூலியில்லாத கட்டாயம் வேண்டாம். நிலமுடையவனே குடி என்ற இலக்கணமும் வேண்டாம். கூலி ஆளும், குத்தகைதாரனும், குளத்தங்கரையில் வாழும் ஏழையும், ஆடு மாடு மேய்ப்பவளும் குளத்தின் குடிகளே. இவர்களை நீக்கிவிட்டு ஏற்படுத்தும் சங்கம் பழைய அநியாயத்துக்குப் புதிய முத்திரையாகும். உயிர்ப்பிக்க வேண்டியது முன் சொன்ன 3 இழைகளின் முறுக்கு ஒன்றையே.

அது இயலுமா என்று ஐயுறுவோருக்கு 2 உதாரணங்கள் தருகிறோம். ஒன்று தூரத்தது, மற்றொன்று நம் வாசலில் உள்ளது.

இந்தோனேசியாவின் பாலித் தீவில் ‘சுபக்’ என்ற பாசன சங்கங்கள் பல நூற்றாண்டுகளாக உண்டு. எந்தப் பாத்திக்கு எப்போது நீர், எந்த ஊர் எப்போது வயலைத் தரிசாக விடுவது என்பதை நீர்க்கோயில்களில் கூடி முடிவு செய்வார்கள். 1970-களில் அந்நாட்டுச் சர்க்கார் புதிய நெல் ரகங்களைத் தந்து, முறைக்குக் காத்திராமல் இயன்றவரை அடிக்கடி பயிர் செய்யும்படி உழவரைத் தூண்டிற்று. சில ஆண்டுகளிலேயே பூச்சியும் நோயும் நீர்த் தகராறும் பெருகின. ஊர்கள் ஒரே காலத்தில் தரிசு விட்டதால்தான் பூச்சி அடங்கியிருந்தது என்பதை ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாளர் ஆராய்ந்து விளக்கினார். 1980-களில் உழவர் பழைய முறைக்கே திரும்பினர். கவனியுங்கள்: அங்கே திரும்பி வந்தது திருவிழா அன்று, நீரின் தேதியைக் குறிக்கும் அதிகாரம் சங்கத்துக்குத் திரும்பிற்று. அதனால்தான் பலன் கண்டது.

இரண்டாவது உதாரணம் நொய்யல். திருப்பூர்ச் சாயக்கழிவு ஆற்றை நஞ்சாக்கியது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தொட்டியாகி நின்றது. அப்போது நீதிமன்றத்தின் படியேறி வழக்காடியது நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம். 2006-ல் சென்னை உயர்நீதிமன்றம் கழிவு நீர் சிறிதும் வெளியேறலாகாது என்று உத்தரவிட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் சங்கத்தின் பக்கமே நின்றது. உத்தரவு நிறைவேறாததால் 2011-ல் சாய ஆலைகளை மூடும்படி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ‘ஆயக்கட்டுதாரன்’ என்ற பழைய உறவு, நீருக்கும் நிலத்துக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள அந்தப் பாத்தியதை, செத்துவிடவில்லை என்று அந்த வழக்கு காட்டிற்று. உரிமையுள்ளவன் எழுந்து கேட்டான். சட்டம் செவி சாய்த்தது. நகரத்துக் குளங்களுக்கு அவ்வாறு எழுந்து கேட்கும் உரிமையாளன் யார்? வயல் வீட்டுமனையானபோது ஆயக்கட்டு மறைந்தது, ஆயக்கட்டுதாரனும் மறைந்தான். இதுவே கோவைக் குளங்களின் அநாதை நிலைக்குக் காரணம்.

ஆதலின் நாம் சொல்வது இது. நகரத்துக்குப் புதிய ஆயக்கட்டு ஒன்றை வகுக்க வேண்டும். சிங்காநல்லூர்க் குளத்துக்கு மழைநீர் எந்தெந்தத் தெருக்களிலிருந்து வருகிறதோ, அந்தத் தெருக்காரர் அதன் குடிகள். எவருடைய ஆழ்குழாய்க் கிணறு அந்தக் குளத்தால் ஊறுகிறதோ, எவருடைய சாக்கடை அதில் விழுகிறதோ, அவரும் அதன் குடிகள். 2022 நவம்பர் 1 முதல் நகரங்களில் ஏரியா சபைகள் கூட்டப்படுகின்றன. அவை தெருவிளக்குக்கும் குப்பைத் தொட்டிக்கும் மனுக் கொடுக்கும் இடங்களாக நின்றுவிடலாகாது. குளத்தைச் சூழ்ந்த சபைகள் சேர்ந்து ஓர் ஏரி வாரியத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். கிராமங்களுக்கோ பாசன முறைகளை விவசாயிகளே நிர்வகிக்க வேண்டுமென்ற 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; அதற்கு உயிர் கொடுப்பதொன்றே பாக்கி.

அந்த வாரியத்துக்குச் சொந்த வருமானம் வேண்டும். மீன்பாசிக் குத்தகை, மர மகசூல், கரையில் கடை வைப்பவரிடம் வாங்கும் வாடகை ஆகியவை பொதுக் கஜானாவில் கரையாமல் அந்தக் குளத்துக்கே உரியனவாகட்டும். காப்பாளருக்கு மாதச் சம்பளம் கொடுக்கட்டும். கழிவை விடுபவனுக்கு நோட்டீஸ் கொடுக்கவும், தண்டம் விதிக்கவும் அதிகாரம் பெறட்டும். ஆண்டுக்கொரு முறை குளக்கரையில் கூட்டம் கூட்டி வரவு செலவை உரக்க வாசிக்கட்டும். வாசிக்காதவர் மறுமுறை நிற்கத் தகுதியற்றவர் என்ற உத்திரமேரூர் விதியை ஓர் எழுத்தும் மாற்றாமல் அமல் செய்யட்டும். பழமைக்குச் செய்யும் மரியாதை இதுவே.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்போர் பீளமேட்டின் சரித்திரத்தையே பார்க்கட்டும். 1926-ல் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் குமாரர் நால்வரும் குடும்பச் சொத்தை 4 பங்காக்காமல் 5 பங்காக்கி, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு ஒதுக்கினார்கள். அந்தப் பங்கிலிருந்து முளைத்தவையே பி.எஸ்.ஜி. தர்ம ஸ்தாபனத்தின் பள்ளிகளும் கல்லூரிகளும் வைத்தியசாலையும். குளத்துக்கு மானியம் விட்ட பழைய மனிதனும் இதையேதான் செய்தான். பொதுவுக்கும் ஒரு பிள்ளைப் பங்கு உண்டு என்றான். மானியம் என்ற பெயர் போனாலும், அந்த அறம் இந்த மண்ணில் புதிய உருவில் பிழைத்தது. ஆகவே நம்மால் இயலாததொன்றை நாம் கேட்கவில்லை. நிலத்தடி நீரைப் பம்பு வைத்து இறைத்து வளர்ந்த நகரம், பம்பு செய்து விற்று வளர்ந்த நகரம், அந்த நீர் ஊறும் குளத்துக்கு ஒரு பங்கு வைக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

தேச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. மேடைப் பேச்சில் கரிகாலனையும் காலிங்கராயனையும் நினைவூட்டிக் கைதட்டல் வாங்குவது எளிது. நமது கட்சி, உமது கட்சி என்று பார்க்காமல், உங்கள் தெருவின் மழைநீர் எந்தக் குளத்துக்குப் போகிறதென்று முதலில் கண்டுபிடியுங்கள். அடுத்த ஏரியா சபைக்குப் போய், அல்லது கிராம சபைக்குப் போய், அந்தக் குளத்தின் வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். தேர்தல் தள்ளிப் போடப்பட்டால், யார் ஆட்சியிலிருந்தாலும், அதை எதிர்த்துக் குரல் எழுப்புங்கள். கேட்கும் ஆள் இருக்கிறான் என்று தெரிந்தால் கணக்கு வெளியே வரும். கணக்கு வெளியே வந்தால் உரிமை வந்து சேரும். உரிமை வந்தபின் மண்வெட்டி எடுக்க ஜனங்களைக் கெஞ்ச வேண்டியதில்லை.

பெயரைச் சர்க்கார் மீட்டுக் கொடுத்துவிட்டது. முறையை மீட்க வேண்டியவர்கள் குடிகள். வரும் மழைக்கு முன் அந்த வேலையைத் தொடங்குவோமாக.